டாக்டர் வீட்டுப் போர்டு

தெருக்கோடி காலிமனையில் வசதி இல்லாதவர்களுக்காக எட்டு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அதே தெரு அபார்ட்மென்ட் சங்கத் தலைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆதரவு கேட்டு, அந்தத் தெருவில் பல காலமாகச் சொந்த வீட்டில் இருக்கும் பல் டாக்டரிடம் போனார்.

ஊரார் வாயைத் திறக்க வைத்தே பழகியவர் டாக்டர். தலைவரையும் பேசவிட்டார்.

"கூட்டம் நெரியும் டாக்டர். வண்டி நிறுத்த இடமிருக்காது."

"இருக்காதுதான்."

"தண்ணிக்கு அடிதடியாயிடும். வெளிச்சத்தையே மறைச்சிடுவாங்க."

"ஆமா, மறைச்சிடுவாங்க."

"வர்றவங்க எப்படிப்பட்டவங்களோ, யாரு கண்டா?"

டாக்டர் எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து ஒரு போர்டை இறக்கிக்கொண்டு வந்தார். 'எங்கள் தெருவுக்கு அடுக்குமாடி வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

தலைவருக்கு முகமெல்லாம் பல். "அதுக்குள்ள தயார் பண்ணிட்டீங்களே டாக்டர். எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தருக்கும் இந்த வேகம் இல்ல."

"இது பழசு சார். உங்க அபார்ட்மென்ட் கட்டினப்ப எழுதினது."

தலைவர் திறந்த வாயை மூடவில்லை. டாக்டருக்கு அது புதிதுமல்ல.

"எடுத்துட்டுப் போங்க. ஒரு எழுத்துகூட மாத்த வேணாம். பிடி மட்டும் கொஞ்சம் ஆடும், பாத்துப் பிடிங்க. உங்க வாசல்ல ரொம்ப நாள் நின்னேன்."