பழகிய கை

பக்கத் தகட்டைக் கழற்றிய பழைய கணினி மேசைமேல் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. "இதுல வேகத்த ஏத்தவே முடியாது, கம்பெனிக்காரன் பூட்டிட்டான்" என்று, பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணன் போன வருடம் கைவிரித்த அதே பெட்டி. அந்தப் பூட்டை நீக்கி யாரோ மாற்றி எழுதிய பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைத் தேடிப்பிடித்துத் தங்கை ஏற்றிவிட்டாள். திரையில் மூன்று கிகாஹெர்ட்ஸ் என்றிருந்த வேகம் இப்போது நான்கு. ஜன்னல் வெயிலில் தூசி சுழல, விசிறி சீராக இரைகிறது. "அடேங்கப்பா, அண்ணனுக்கே தண்ணி காட்டிட்டாளே சின்னவ!" என்று அப்பா சிரிக்கிறார். அவனும் சிரிக்கிறான், உள்ளே வயிறு எரிகிறது. இந்தத் திரை உறைந்து நின்றுவிடாதா என்று கண்கொட்டாமல் பார்க்கிறான். பிராசஸருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் சூட்டை மட்டும் திரை காட்டாது. விரல் வைத்துத்தான் அறிய வேண்டும். "அண்ணா, உன் கைதான் பழகின கை. தொட்டுப் பாத்துச் சொல்லேன், தாங்குமா?" அவன் தொடுகிறான். வெறும் வெதுவெதுப்பு, நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும். விரலைச் சட்டென்று உதறிக்கொள்கிறான். "ஐயோ, கொதிக்குதும்மா!" அவள் உடனே விசைப்பலகையை இழுத்துக்கொள்கிறாள். வேகத்தைப் பழையபடி மூன்றுக்கே இறக்கிவிட்டு, அவன் விரலைப் பிடித்து ஊதுகிறாள்.