மாப்பிள்ளை மூக்கில் மச்சம்

"பொண்ணு கன்னத்துல இருக்கிற மச்சத்தை அரை நாளா அழிக்கிறேண்ணா, போகவே மாட்டேங்குது" என்றாள் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கும் தங்கை.

அண்ணன் திரையில் இருந்த படத்தை லேசாக நகர்த்தினான். மச்சம் மாப்பிள்ளையின் மூக்குக்குத் தாவியது.

"மச்சம் படத்துல இல்லம்மா, மானிட்டர்ல இருக்கு. திரையில அந்த ஒரு புள்ளி செத்துப்போச்சு, அங்கே வெளிச்சமே வராது. எங்கே வாங்கினே?"

"உன் சிநேகிதர் கடையிலதான். போன்ல சொன்னேன், வீட்டுக்கே வந்துடுச்சு. உன் பேரைச் சொல்லலை. சொன்னா பாவம், விலையைக் குறைச்சு நஷ்டப்படுவாரேன்னு..."

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனான்.

"பள்ளிக்கூடத்துப் பழக்கம்! என் தங்கச்சி கழுத்தையே அறுத்துட்டியேடா!"

சிநேகிதன் மானிட்டரின் பின்பக்க நம்பரைப் பார்த்தான். முகம் வெளிறியது.

"சத்தியமா உன் தங்கச்சின்னு தெரியாதுடா."

"யாரா இருந்தா என்ன? பழுதுன்னு தெரிஞ்சேதானே வித்தே?"

"தெரிஞ்சேதான். போன வாரம் இதைத் திருப்பிக் கொண்டுவந்தது நீ. கம்பெனிக்கு அனுப்பினா மாத்தித்தர ஒரு மாசமாகும்னு சொன்னேன். நீதான், 'எனக்கு இன்னைக்கே வேற குடு, இதை எவன் தலையிலயாவது கட்டிக்கோ'ன்னு குதிச்சே."

மானிட்டரை அவன் பக்கம் தள்ளினான்.

"சொல்லு, அடுத்து யார் தலையில கட்டட்டும்?"