பூனைக்குப் பின்னால்

"ஊர்ல இருக்கற அத்தினி மூஞ்சியும் உட்டுட்டு, ஒங்க கேமராவுக்கு இந்தப் பூன மூஞ்சிதான் கெடச்சிதா?"

"நீ பாட்டுக்கு அரிசியப் பொடை அம்சா. நான் பாட்டுக்குப் பூனைய எடுக்கறேன்."

"எடுங்க, யாரு வேணான்னது? அதுக்குன்னு கலெக்டரு வந்து குந்துனாப்புல மண்டி போட்டுக்கினு எடுக்கணுமா? நேத்து எடுத்தது, முந்தாநேத்து எடுத்தது எல்லாம் இன்னா ஆச்சி? அதுக்கு மூக்கு மாறிப் போச்சா?"

சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த காசியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா அம்சா, இன்னிக்கும் பூன சண்டதானா?"

"வேற இன்னாக்கா? என்னக் கட்டிக்கினதுக்கு இந்தச் சனியனையே கட்டிக்கினு இருக்கலாம் இவரு. ஒரு நாளு இத சாக்குல போட்டு ஏரிக்கரையில உடல, பாருங்க."

அய்யப்பன் கள்ளக்குறிச்சியில் முப்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். பின்வாசல் படிக்கு எதிரே மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். படியில் படுத்திருந்தது கருப்பும் வெள்ளையுமான பூனை. அதற்கு நெகட்டிவ் என்று அவர்தான் பேர் வைத்திருந்தார்.

ஆனால் அவர் காத்திருந்தது பூனைக்காக இல்லை. பூனைக்குப் பின்னால் முறமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அம்சவள்ளி தலையை நிமிர்த்துவதற்காக. ரெண்டு வருடமாக இப்படித்தான் திருட்டுத்தனமாகப் பொண்டாட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. அவர்கள் கல்யாணத்தை, கூட்டாளி ஒருவர் அய்யப்பனின் கேமராவில்தான் எடுத்தார். ஒரே ஃபிலிம் ரோல், முப்பத்தாறு படம். தாலி கட்டி முடித்ததும் மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். ரோல் சுற்றியாகிவிட்டது என்று நினைத்து, கேமராவின் பின்மூடியைத் திறந்துவிட்டார். பளிச்சென்று வெயில் பட்டு ஃபிலிம் முழுக்கப் பாழ். அவ்வளவுதான். அம்சவள்ளியின் அரக்குப் புடவை, நெற்றிச்சுட்டி, களமருதூரிலிருந்து ரெண்டு டிராக்டரில் வந்து இறங்கிய சொந்தம், எதுவும் மிஞ்சவில்லை.

"ஊரு கல்யாணமெல்லாம் எடுக்கறாரு, எங் கல்யாணத்துக்கு ஒத்தப் படம் இல்ல. இனிமே ஒங்க கேமரா முன்னால வந்து நின்னா எம் பேரு அம்சவள்ளி இல்ல" என்றாள் அன்றைக்கு.

சொன்னபடியே இருந்தாள். மகள் சந்தியாவின் காதுகுத்துப் படங்களில் அம்சவள்ளியின் முதுகு இருக்கிறது. சீமந்தப் படங்களில் முழங்கை இருக்கிறது. ஆதார் கார்டில் ஒரு முகம் உண்டு, அது யாரென்று அவளுக்கே தெரியாது.

இருபது வயதில் அவள் சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அது அய்யப்பனின் நினைப்பில் மட்டும்தான் இருந்தது. அதுவும் போகப் போக மங்கிக்கொண்டு வந்தது. காதோரம் வெள்ளை ஓடிவிட்ட இந்த முகமும் அதே மாதிரி படம் இல்லாமல் போய்விடுமோ என்று அவர் பயந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் பூனை எங்கிருந்தோ வந்து, நாலு மணி வெயிலில் அவள் பக்கத்தில் படுத்தது.

அடுத்த வாரம் பூனையைக் காணோம்.

அய்யப்பன் தெருத்தெருவாக அலைந்தார். டீக்கடையில் செல்போனை நீட்டினார். "இந்தப் பூனைய எங்கனா பாத்தியாப்பா?"

டீக்கடைக்காரர் உற்றுப் பார்த்தார். "பூன எங்கண்ணா? ஏதோ பொகையாட்டம் தெரியுது. அண்ணிதான் பளிச்சுனு இருக்காங்க."

ஆயிரம் படம் இருந்தது. ஒன்றில்கூடப் பூனை தெளிவாக இல்லை.

நாலு நாள் ஆகிவிட்டது. அம்சவள்ளி மட்டும் வழக்கம்போல நாலு மணிக்கு முறத்தோடு படியில் வந்து உட்கார்ந்தாள். சாய்ந்த வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அய்யப்பனுக்குத் தாங்கவில்லை. கேமராவைத் தூக்கினார்.

"இன்னா எடுக்கறீங்க?"

"செம்பருத்தி. நல்லா பூத்துருக்குது."

"செம்பருத்தி ஒங்க முதுகுப் பக்கம் இருக்குது."

முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இனி அவ்வளவுதான் என்று அய்யப்பன் கேமராவைத் துடைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிக் களமருதூர் அண்ணன் வீட்டுக்குப் போன அம்சவள்ளி, மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தாள். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது.

"இன்னா அம்சா இது? நீதான பூனையே ஆவாதுன்ன? சாக்குல போட்டு உடறேன்னு சொன்ன?"

"ஆமா சொன்னேன். நாலு நாளா ஒங்க மூஞ்சியப் பாக்க சகிக்கல. போயி கேமராவ எடுத்துக்கினு வாங்க."

குட்டியைப் படியில் விட்டாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்தாள். அய்யப்பன் குட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா அப்பிடிப் பாக்கறீங்க? வெளிச்சம் போவுது" என்றாள் அம்சவள்ளி. "கல்லும் இல்ல, உமியும் இல்ல, இந்த மில்லு அரிசிய ரெண்டு வருசமா நான் யாருக்காகப் பொடச்சிக்கினு குந்தியிருக்கறேன்னு நெனச்சீங்க?"

உங்கள் வீட்டிலும் கேமராவைக் கண்டாலே முகத்தை மூடிக்கொள்கிறவர் ஒருவர் இருப்பாரே, அவரை எப்படிப் படம் எடுத்தீர்கள்? கீழே எழுதுங்களேன்.