கதவு சரியாகச் சாத்துவதில்லை

ஆறு மணிக்கு எழுந்தேன். குளியலறைக் கதவைச் சற்றுத் தூக்கி, முழங்காலால் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். தூக்காவிட்டால் சாத்தாது. குழாயை மூடிய பிறகும் ஏழு சொட்டு விழுந்தது. எட்டாவது எப்போதும் விழாது.

ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதிலிருக்கும் பாசியில் வெளிச்சம் பட்டால் ஆறரை. காபி போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். ஒரு சட்டை, ஒரு துண்டு, பிரஷ். பை பாதிகூட நிறையவில்லை.

வாசலைப் பூட்டும்போது கொழுந்தியாள் போன் செய்தாள்.

"மாமா, நிஜமாவே கிளம்பிட்டீங்களா? தனியா, அவ்வளவு பெரிய ரிசார்ட்டுக்கா?"

"ஒரு நாள்தான். பார்த்துட்டு வந்துடறேன்."

"என்னத்தைப் பார்க்க?"

"கொடுக்கிற காசுக்குத் தகுமான்னு."

"அக்கா கடைசியா உங்ககிட்ட என்னமோ சொன்னாளே. என்னன்னு ஞாபகம் வந்துதா?" என்றாள்.

"வார்த்தை ஞாபகம் இருக்கு. அர்த்தம்தான் இல்லை. மயக்க ஊசி போட்டிருந்தாங்க."

அந்தக் கடற்கரை விடுதியைப் பற்றி என் மனைவி ஒரு வருடம் பேசினாள். ஒரு நாள் தங்க என் அரை மாதச் சம்பளம் ஆகும். "கடல் எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே, பஸ்ஸுல போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றேன்.

"பஸ்ஸுலயும் நிக்கணும், கரையிலயும் நிக்கணும். மருந்துக்கடையில நாள் பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கேன். அங்கன்னா படுத்துக்கிட்டே பார்க்கலாம்டா" என்றாள்.

பேசி அவளை நான் ஜெயித்ததே இல்லை. அதனால் வேறு வழியில் போனேன். அந்த விடுதியைப் பற்றி இணையத்தில், பொய்ப் பெயரில், ஒரு விமர்சனம் எழுதினேன். ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தேன்.

நான் லிஃப்ட் சோதனை செய்பவன். கண்ணால் பார்த்த பழுதை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. லீவு கேட்கப் பொய்க் காரணம்கூட அவள்தான் சொல்லித் தருவாள். "நீ தலைவலின்னு சொன்னா யாருக்குன்னு கேட்பாங்கடா" என்பாள். ஆனால் அன்றைக்குப் பத்தே நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

மறுநாள் சாப்பிடும்போது அவள் போனில் அதைப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, வேண்டாம். வீட்டுலயே இருந்துக்கலாம்" என்றாள்.

"பார்த்தியா, நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றேன். அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

மூன்றாவது மாதம் அவளுக்கு ஆபரேஷன். சின்ன ஆபரேஷன் என்றார்கள். அவள் திரும்பி வரவில்லை.

விடுதி படு மோசமாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஒரு குறை கிடைத்தால் போதும், நான் எழுதியது பொய்யில்லை என்று ஆகிவிடும்.

அறைக்குள் போனதும் வேலையைத் தொடங்கினேன். குளியலறைக் கதவை ஒரு விரலால் தள்ளினேன். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. குழாயை மூடினேன், ஒரு சொட்டு விழவில்லை. கட்டிலில் படுத்தேன். தலையைத் தூக்காமலே கடல் தெரிந்தது.

அதற்கு மேல் படுத்திருக்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கீழே வந்து, வரவேற்பு மேசையில் சாவியை வைத்தேன். அங்கிருந்த மேலாளர் அம்மா பதறிப்போனார்.

"என்ன சார், வந்து அரை மணி நேரம்கூட ஆகலை? ரூம்ல ஏதாவது குறையா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க சார். போன வருஷம் ஒருத்தன் எங்ககிட்ட மூச்சு விடாம போயி, நெட்டுல எழுதித் தள்ளிட்டான். எங்க முதலாளி மூணு நாள் எங்களைத் தூங்க விடலை. ரூம் ரூமா கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தோம்."

மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"'குளியலறைக் கதவைத் தூக்கி, முழங்காலால் தள்ளினால்தான் சாத்துகிறது. குழாயை மூடிய பிறகும் ஏழு சொட்டு விழுகிறது. ஜன்னலைத் திறந்தால் பாசி பிடித்த சுவர்.' எங்க எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல்தான், சுவருக்கு நாங்க எங்க சார் போவோம்? அதுல ஏழு சொட்டாம், உட்கார்ந்து எண்ணியிருக்கான்! அவன் எங்க தங்கிட்டு வந்து எங்க தலையில கட்டினானோ!"

நான் எழுதியதை இன்னொருவர் வாயால் அப்போதுதான் கேட்டேன். பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"சார், என்னாச்சு? உட்காருங்க" என்றார் அவர்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் ஒரு நிமிடம் நின்றது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன். போனில் படித்த அன்றைக்கு மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு, நர்ஸுக்குக் கேட்காமல், மெல்லக் கேட்டாள்:

"நம்ம வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்டார்தானாடா?"