கூட வந்தவர்

“இந்த ஆளை ஸ்ட்ரெச்சர்லதானே கொண்டு வந்தாங்க, அண்ணே?”

மூளை நரம்பு டாக்டரம்மா கையிலிருந்த ஸ்கேன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நடந்துதான் வந்தார், டாக்டர்” என்றார் ஸ்கேன்காரர். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். பதினோரு வருடமாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை.

டாக்டருக்கு நம்ப முடியவில்லை. மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் பாதி வழியில் அடைத்துப்போயிருந்தது. இப்படி அடைத்தவர்கள் கை கால் விழுந்து, வாய் கோணித்தான் வருவார்கள்.

“என்ன தொந்தரவாம்?”

“காலையில சட்டைப் பட்டன் போட இடது கை ஒத்துழைக்கலை. டம்ளர் ஒரு தடவை நழுவிச்சு. கை மரத்துப்போச்சுன்னு நினைச்சு பஸ் ஏறி வேலைக்குப் போயிட்டார்.”

“இந்த அடைப்போடயா? சரியான கல்லுளிமங்கனா இருப்பார் போலிருக்கே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?”

“கவனிக்க ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமையானா ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. டிவிதான் பேசிட்டிருக்கும்.”

“பாவம்” என்றபடி டாக்டர் போனை எடுத்து ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு, “சுத்தி இருக்கிற பொடிக் குழாய்ங்க ரத்தம் கொடுத்துத் தாங்கிட்டிருக்கு. அதான் இவ்வளவு லேசா இருக்கு. அதுங்க எப்போ கைவிடும்னு சொல்ல முடியாது. உடனே அடைப்பை எடுத்தாகணும்” என்றார்.

“வீட்டுக்குப் போயிடலாமான்னு ஒரு யோசனை இருக்கு, டாக்டர்.”

“விட்டுடாதீங்க. படத்துல பேர்கூட இல்ல, வெறும் நம்பர்தான் இருக்கு. நீங்க எடுத்ததா?”

“இல்ல. என்கூட வேலை பார்க்கிற பொண்ணு எடுத்தா.”

“சரி, கூட யார் வந்திருக்காங்க? உறவுக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு டாக்டர் நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இந்த அறையில் உட்காராத மனிதர், உட்கார்ந்திருந்தார்.

“யாரும் வரலை, டாக்டர். அந்தப் படத்துல இருக்கிறது என் தலைதான். உறவுன்னு எழுத ஒரு பேர் வேணும்... உங்க பேரைப் போட்டுக்கலாமான்னு கேட்கத்தான் வந்தேன்.”