கருவாட்டுக் கொட்டகையில் மழை

எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட் ஊர் மழையில் மறைந்துவிட்டது. மழை துறைமுகத்தைத் தாண்டி எங்கள் கொட்டகையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தட்டிகளில் பாரை மீன் பாதி காய்ந்து கிடந்தது. அடுத்த கப்பலில் எங்கள் தீவிலிருந்து மெட்ராஸ் போக வேண்டிய சரக்கு.

"சத்தம் போடும்மா! உலர்த்துற ஆளுங்களைக் கூப்பிடும்மா!" என்றார் மேலதிகாரி கிருஷ்ணமூர்த்தி.

உலர்த்துகிற ஆள் என்று இப்போது தனியாக யாரும் இல்லை. போன வாரம் அந்த ஏற்பாட்டைக் கலைத்தவள், கொட்டகை மேற்பார்வையாளரான நான்தான்.

அதுவரை தமிழர் வெட்டினார்கள், வங்காளிகள் உப்பிட்டார்கள், தெலுங்கர் உலர்த்தினார்கள். கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி. மீன் கெட்டால் ஒரு கூட்டம் அடுத்ததைக் கை காட்டும்.

நான் மேஸ்திரிகளை நீக்கி, மூன்றையும் கலந்து புது அணிகளாக்கினேன். வெட்டுவதிலிருந்து சாக்கில் கட்டுவது வரை, ஒரு மீன் ஒரே அணியின் பொறுப்பு.

"கெமிஸ்ட்ரி படிச்சா எதையும் கலக்கலாம்னு நினைப்பு" என்று அன்று சிரித்தார் கிருஷ்ணமூர்த்தி. இந்தச் சரக்கு கெட்டால் பழைய ஏற்பாடு திரும்பிவிடும். நானும் மெட்ராஸ் கப்பல் ஏறிவிடலாம்.

நான் வாய் திறக்கவில்லை.

"பாரிஷ்! உட்டாவோ, ஜல்தி!"

மழையைக் கை காட்டிக் கத்தியது வங்காளி ஹரிபதோ. உப்புத் தொட்டியிலிருந்து அப்படியே ஓடிவந்தார்.

செலின் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். தன் கை மீன் வெட்ட மட்டும்தான் என்று, அணிகளைக் கலந்த முதல் நாள் என்னை முறைத்த தமிழ்ப் பெண். அவள் தூக்கிய தட்டியின் மறுமுனையைத் தெலுங்கர் அப்பலசாமி பிடித்தார். பிறகு யார் எதைத் தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் துளி விழுந்தபோது வெளியில் ஒரு மீன்கூட இல்லை. நனைந்தது கிருஷ்ணமூர்த்தியும் நானும்தான்.

"கூச்சப்படுற பொண்ணுன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை பேசாம நின்னியே, என்ன துணிச்சல்!" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்படியே நடக்கட்டும்."

உள்ளே எல்லாரும் உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு செலினிடம் போய், என்ன பேசுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

அணிகளைக் கலந்த பிறகு அவர்களுக்குப் பொதுவாக இருந்தது இந்தி ஒன்றுதான். எனக்கு இந்தி தெரியாது; மேஸ்திரிகள் இருந்தவரை தமிழிலேயே சமாளித்துவிட்டேன். நான் கத்தியிருந்தாலும் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

"நாளையிலேருந்து வெட்டுற பலகையைத் தட்டிக்குப் பக்கத்துல மாத்தப்போறோம் மேடம். உங்ககிட்ட கேக்கணுமான்னு ஒரு பேச்சு வந்துச்சு."

செலின் கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"வேணாம்னு முடிவாயிருச்சு."