முதல் பெஞ்சு

"இந்த வருஷம் நீங்க சாட்சி சொல்ல வேண்டாம், பிரதர்."

போதகர் காபியை வாயில் வைக்காமலே சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் சிரித்தார்.

"நீளமாப் போகுதுன்னு யாராவது போட்டுக் கொடுத்தாங்களா? அஞ்சே நிமிஷத்துல முடிச்சுடறேன் பாஸ்டர்."

"அஞ்சு நிமிஷமா? பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேரவே இவருக்குப் பத்து நிமிஷம் ஆகும்," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அவள் சொன்னதில் தப்பில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தி வரும் அட்வென்ட் முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையில் அவர் சாட்சி சொல்வது ஏழு வருஷப் பழக்கம். விஷயம் என்னவோ சின்னதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், அட்வென்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், பஸ்ஸில் ஒரே ஒரு இடம் பாக்கி. வரிசையில் இவர்தான் முதல். ஒரு ஆள் பெரிய காகித நட்சத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே புகுந்து ஏறிவிட்டான். கதவு இவர் மூக்கை உரசியபடி சாத்திக்கொண்டது. இவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கால் மணி நேரத்தில் அந்த பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. "கர்த்தர் எனக்காக அந்தக் கதவைச் சாத்தினார்" என்று முடிப்பார்.

ஆனால் சபை காத்திருப்பது நடுவில் வரும் இடத்துக்குத்தான். அந்த ஆள் ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னான். அதை அவன் மாதிரியே சொல்லிக் காட்டுவார். கீச்சுக் குரல், முன்பல் இல்லாத வாய், வார்த்தைக்கு வார்த்தை ஒரு விசில். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவருக்கும் வாயெல்லாம் பல்.

"நேரம் இல்ல பிரதர் பிரச்சினை," என்றார் போதகர். அவர் இந்தச் சபைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "உங்க சாட்சியைப் பத்தி ஆளாளுக்கு என்கிட்ட சொல்லியிருக்காங்க. நேத்து லைப்ரரி அக்கா வீட்டுக்குப் போனேன். சுவத்துல அவங்க வீட்டுக்காரர் படம். சிரிச்ச முகம், முன்பல் இல்ல. பக்கத்துல தண்ணியில ஊறிக் காஞ்ச ஒரு நட்சத்திரம். போலீஸ்ல திருப்பிக் குடுத்ததாம்."

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. லைப்ரரி அக்கா ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் தனியாகக் குடிவந்தவர். வேலை லைப்ரரியில், பேச்சும் லைப்ரரிப் பேச்சு, பக்கத்தில் போனால்தான் கேட்கும். வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று யாரும் கேட்டதில்லை.

"நான் சொல்ற ஆள் அவர்தான்னு அக்காவுக்குத் தெரியுமா?"

"வருஷா வருஷம் கேக்கறாங்களே. தெரியாம இருக்குமா?"

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "வருஷம் பூரா கடைசி பெஞ்சுல உக்கார்றவங்க, அன்னிக்கு மட்டும் முதல் பெஞ்சுக்கு வருவாங்க. நீங்க அந்த ஆள் மாதிரி பேசினதும் அவங்க உதடு அசையும். நான் ஜெபம்னு நெனச்சேன்."

"சாபமா இருக்கும்," என்றார் மெக்கானிக்.

போதகர் எழுந்தார். "உங்களுக்காகக் கதவைச் சாத்தினது கர்த்தர்னா, அவருக்காகத் திறந்துவிட்டது யாரு பிரதர்? என்கிட்டயும் பதில் இல்ல. அதனாலதான் வேண்டாம்கிறேன்."

மறுநாள் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் கதவு வேலை. சாத்திப் பார், திறந்து பார் என்று நாள் பூராவும் அதுவேதான். ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை அட்வென்டின் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள் வரலாம் என்றார் போதகர். ஒருவர் மகன் பரீட்சையில் தேறியதற்கு நன்றி சொன்னார். இன்னொருவர் சிறுநீரகக் கல் தானாக விழுந்ததற்கு. மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஆள் முழங்கையால் இடித்தும் நகரவில்லை.

முதல் பெஞ்சில் லைப்ரரி அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை திரும்பி இவரைப் பார்த்தார். இவர் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டினார்.

ஆராதனை முடிந்ததும் நழுவப் பார்த்தவரைக் குடை வைக்கும் இடத்தில் அக்கா மடக்கினார்.

"ஏன் தம்பி இன்னிக்குச் சொல்லல?"

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா. யார்னு தெரியாது எனக்கு. போனவரை வெச்சு இத்தனை வருஷமாக் கூத்தடிச்சிருக்கேன். இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அவர் சொன்னதைச் சொல்லுங்க."

"வேண்டாம் அக்கா."

"வீட்ல அவர் படம் இருக்கு. நட்சத்திரம் இருக்கு. குரல் மட்டும் இல்ல, அது உங்ககிட்டதான் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கேக்கறேன். அதையும் நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

மெக்கானிக் சுற்றிலும் பார்த்தார். கோயில் காலியாகிவிட்டிருந்தது. தொண்டையைச் செருமினார். சிரிக்க வைக்கும் எண்ணமே இல்லாதபோதும் அந்தக் கீச்சுக் குரல் வந்தது, விசிலும் கூடவே வந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார். இன்னிக்கும் லேட்டாப் போனா எங்க வீட்டு மகாராணி கதவைச் சாத்திடுவா."

அக்காவின் உதடு அசைந்தது. முதல் பெஞ்சில் வருஷா வருஷம் அசைந்த அதே அசைவுதான். பக்கத்தில் நின்றதால் இன்றைக்குத்தான் மெக்கானிக் காதில் விழுந்தது.

"சாத்தலைங்க. திறந்துதான் வெச்சிருந்தேன்."